பாய்லருக்கு நேரே நிற்காதவர்

அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. நான் சொல்லவில்லை, அவரே வாய் நிறையச் சொல்லிக்கொள்வார். மேலப்பாளையத்திலிருந்து சீவலப்பேரி ரோட்டில் இருக்கிற எங்கள் அரிசி ஆலைக்கு, பாய்லர் பழுது பார்க்க, மொபெட்டில் வந்து இறங்குவார். இறங்கினதும் நேரே உள்ளே வரமாட்டார். பாய்லர் அறை வாசலில் ஒரு நிமிஷம் அசையாமல் நின்று இடது காதைக் கொடுப்பார். வலது காது அவருக்குக் கேட்காது. அப்புறம் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். பிறகு சுவரை ஒட்டிப் பைய நடந்து, பாய்லருக்குப் பக்கவாட்டில் போய் நின்றுகொள்வார். எத்தனை வருஷப் பழக்கம்! ஒரு நாள்கூட அவர் அதன் முகத்துக்கு நேரே நின்று நான் பார்த்ததில்லை.

"ஏன் பாய், அது என்ன கடிச்சா வைக்கப் போவுது?" என்று கேட்பேன்.

"நான் பயந்தவன் அண்ணாச்சி. பயந்ததுனாலதான் இன்னும் ஹயாத்தோட, உசுரோட இருக்கேன். நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

எனக்கு எரிச்சல் வரும். என் ஆலையில், என் பாய்லர் முன்னால், என்னையே தள்ளி நிற்கச் சொல்ல இவர் யார்? ஆனால் அவர் சொல்லுகிற விதத்தில் அதட்டல் இருக்காது. அடி வாங்கின நாய்க்குட்டியைப் பார்த்துச் சொல்லுகிற மாதிரி, பாவப்பட்டுச் சொல்லுவார். சவம், நானும் ஓரடி தள்ளி நின்றுவிடுவேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புழுங்கல் அரிசிக்கு நெல்லை அவிக்க வேண்டும். அவிக்க நீராவி வேண்டும். அதற்குத்தான் பாய்லர். ஒரு பெரிய இரும்பு உருளை, இரண்டு பக்கமும் தட்டையான மூடி, உள்ளே குழாய்கள், கீழே உமித் தீ. பார்க்கப் போனால் கொல்லையில் வெந்நீர் வைக்கிற அண்டாவுக்குத் தம்பிதான் என்றுதான் நான் முப்பது வருஷம் நினைத்திருந்தேன். அப்பா நினைத்ததும் அதுதான். ஒரு நாள் டீக்கடையில் வைத்து அந்த நினைப்பைக் கெடுத்தார் பாய்.

கடைக்காரர் பூரி போட்டுக்கொண்டிருந்தார். பாய் என் கையைப் பிடித்து நிறுத்தி, "பாருங்க அண்ணாச்சி, தட்டையாத்தானே போடுதாரு? எப்படிப் பொங்குது பாத்தியளா? உள்ள இருக்கது இத்தினி ஆவிதான். உங்க பாய்லரு உடம்பு உருண்டை, அது தாங்கிக்கிடும். முகம் தட்டை. தட்டையா இருக்கதெல்லாம் பொங்கத்தான் பாக்கும். பொங்கவிடாம உள்ள முட்டுக் குடுத்திருக்கு. அந்த முட்டு விட்டுச்சுன்னா முகம் அப்படியே கழண்டு நேர வரும்" என்றார்.

அன்றைக்கு எனக்குப் பூரி இறங்கவில்லை. நாலு பூரியையும் அவரே தின்றார், கிழங்கு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி.

அவர் வேலை செய்கிற விதமே அலாதி. ஒவ்வொரு தடவை பயம் வரும்போதும் ஒரு துண்டு இரும்பு கூடும். தீ போடுகிற சுடலைமுத்து குனிந்து கதவைத் திறக்கும்போது உள்ளேயிருந்து நெருப்பு நாக்கை நீட்டுமோ என்று ஒரு பயம். கதவுக்கு நீளக் கைப்பிடி வந்தது, பக்கத்தில் நின்றே திறக்கலாம். தண்ணீர் குறைந்தது தெரியாமல் சுடலைமுத்து கண்ணசந்து விடுவானோ என்று ஒரு பயம். தண்ணீர் இறங்கினால் தானே ஊதுகிற விசில் வந்தது. முதல் நாள் அது ஊதினபோது களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கூட்டுமாறைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பேச்சியம்மாள் மட்டும் ஓடாமல் நின்று, "என்ன எழவு சத்தம்யா இது?" என்று சத்தம் போட்டாள். பாய்க்கு அவள் மேல்தான் கோபம். "ஓடணும்மா. கேட்டா ஓடணும். என்ன ஏதுன்னு பொறவு கேட்டுக்கலாம்" என்று அவளிடம் கெஞ்சினார்.

களத்துப் பெண்கள் பதினோரு பேர். பாய்லர் முகத்துக்கு எதிர்ச்சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம். மத்தியானம் அந்த நிழலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் சோறு தின்பார்கள். வருகிற போதெல்லாம் பாய் போய், "எம்மா, அங்கன உக்காராதீங்க, இங்கன வாங்க" என்று கூப்பிடுவார். இங்கன என்று அவர் காட்டுகிற இடத்தில் ஒரு பொட்டு நிழல் கிடையாது. நான் ஆபீஸ் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே, "விடும் வே, கோட்டி பிடிச்சிருக்கு உமக்கு" என்பேன். அவர்களும் சிரிப்பார்கள். முதலாளியே சிரிக்கிறார் என்றால் அப்புறம் என்ன?

அரபு நாட்டில் ஒரு பெரிய ஆலையில் பாய்லர் வேலை பார்த்தவர் அவர். அங்கே ஏதோ நடந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை, நானாகத் தோண்டிக் கேட்டதால் சொன்னார். "மூணு பேரு என் கூட இருந்தாங்க. நான் ஸ்பேனர் எடுக்கப் பக்கத்துல திரும்பினேன். சத்தம் எப்படி இருந்துச்சுன்னு எல்லாரும் கேப்பாங்க. எனக்குச் சத்தமே கேக்கல அண்ணாச்சி. திரும்பிப் பாத்தா ஆளுக இல்ல." அவ்வளவுதான். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அவர் பயம் வீண் பயமில்லை என்று எனக்கு ஒரு தடவை தெரிந்தது. ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கம் எல்லா ஆலையிலும் இயந்திரங்களுக்குப் பெயிண்ட் அடிப்போம். அந்த வருஷம் வந்த பெயிண்டர் ரொம்ப ரசனைக்காரன். பாய்லருக்குத் தலை முதல் கால் வரை வெள்ளிப் பெயிண்ட். மேலே இருக்கிற சேஃப்டி வால்வையும் விடவில்லை. அழுத்தம் மிஞ்சினால் தானே தூக்கிக்கொண்டு ஆவியை வெளியே விடுகிற வால்வு அது. அதன் இடுக்கெல்லாம் பூசி மினுக்கிவிட்டான். பூஜையன்று என் வீட்டுக்காரி அழுத்தம் காட்டுகிற மீட்டருக்குக் கண்ணாடி தெரியாமல் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். லட்சுமி மாதிரி இருந்தது. விஜயதசமியன்று காலையில் நல்ல நேரம் பார்த்துத் தீ போட்டோம்.

பொரிகடலை வாங்கிக்கொள்ள வருஷா வருஷம் பாய் வருவார். அன்றைக்கும் வந்தார். வாசலில் நின்று காதைக் கொடுத்தார். முகம் மாறிவிட்டது.

"மீட்டரு எங்க?" என்றார்.

சுடலைமுத்து துண்டால் சந்தனத்தை வழித்தான். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. மேலே வால்வு ஊமையாக இருந்தது, ஒரு மூச்சு விடவில்லை.

"எல்லாரும் வெளிய போங்க! ஓடுங்க!" என்று பாய் கத்தின கத்தல் ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும். என் வீட்டுக்காரி தட்டோடு ஓடினாள். அவர் ஓடவில்லை. பக்கவாட்டிலேயே நின்று, சுடலைமுத்துவிடம் தீக்குப் போகிற காற்றை அடைக்கச் சொல்லி, ஆவிக் குழாய்த் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, காலித் தொட்டிக்குள் அவ்வளவையும் விட்டார். ஆலை முழுக்க வெள்ளை மூட்டம். கால்மணி நேரம் கழித்து முள் இறங்கினது. வெளியே வந்தவருக்குக் கைலி நனைந்திருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"மூத்திரம் போயிட்டு அண்ணாச்சி. பயந்துட்டேன்" என்றார்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே இரண்டாவதாக ஒரு வால்வு வந்தது, பூட்டுப் போட்ட கம்பிக் கூட்டுக்குள். சாவி அவரிடம்.

இவ்வளவும் பார்த்த நான்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சொல்லவே நா கூசுகிறது. சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒரு ஐப்பசி. கார் அறுப்பு முடிந்து நெல் வந்து குவிந்த நேரம், மழையும் பிடித்துக்கொண்டது. ஈர நெல்லை வைத்திருந்தால் மூட்டைக்குள்ளேயே முளை விடும். அந்த நேரம் பார்த்து, பாய்லர் முகத்தைத் தாங்குகிற முட்டு இரண்டு தேய்ந்துபோனது தெரியவந்தது. பாய் அதைவிடக் கனமாக, இன்னும் நல்ல மாதிரியில், நாலு முட்டு வெட்டிக்கொண்டு வந்து உள்ளே நுழைந்து வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு ஒரு தனி ரக வெல்டிங் ராடு. அதில் ஈரமே ஆகாது. மின்சாரப் பெட்டியில் மணிக்கணக்காகச் சுட வைத்து, சூடான டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத்தான் போடுவார். மொபெட்டில் வரும்போது மழையில் ஒரு கட்டு நனைந்துவிட்டது. அதை எடுத்து மூலையில் எறிந்துவிட்டார்.

மூன்று முட்டு முடிந்தது. நாலாவது பாதியில் நின்றது. "ராடு பத்தாது அண்ணாச்சி. மதுரையிலேருந்து வரணும். ரெண்டு நாள் ஆவும்" என்றார்.

"ரெண்டு நாளா? நெல்லு நாறிரும் பாய்!"

"நாறட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மத்தியான ளுஹர் தொழுகைக்குப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து வானம் வெளுத்து வெயில் சுள்ளென்று அடித்தது. நான் நெல் காய வைத்தே நரைத்தவன். ஈரமா, வெயிலில் போடு, கிளறிவிடு, காய்ந்துவிடும். அதற்கு மேல் எங்கள் பரம்பரைக்கே ஒன்றும் தெரியாது. மூலையில் கிடந்த கட்டைப் பிரித்துக் களத்தில் பரப்பினேன். நெல்லைத் திருப்புகிற மாதிரி இரண்டு தடவை திருப்பியும் விட்டேன். தொட்டால் சுட்டது. பொறுக்கியெடுத்து அவருடைய டப்பாவில் நல்ல ராடுகளோடு கலந்து போட்டுவிட்டேன்.

அவர் திரும்பி வந்து டப்பாவைத் திறந்து பார்த்தார். "இம்புட்டா மிச்சம் வச்சிருந்தேன்?" என்றார்.

"நீர்தானே வச்சீரு" என்றேன்.

"கணக்கு தப்பிட்டு போலுக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார். எதையும் மூன்று தடவை எண்ணுகிறவர், என் வார்த்தையை ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

பாய்லர் சோதிக்கிற அரசாங்க அதிகாரி வந்தார், தண்ணீர் அழுத்தம் வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசியவில்லை. நெல் தப்பினது. ஒரு மாசம் கழித்து, டீக்கடையில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல் பெருமையாகச் சொன்னேன்: "பாத்தீரா வே, அந்த நாலாவது முட்டு நீரு தூக்கி எறிஞ்ச ராடுலதான் நிக்குது. வெயில்ல காயப் போட்டு நான்தான் வச்சேன். என்ன ஆயிட்டு இப்போ?"

அவர் கையிலிருந்த வடையை இலையில் வைத்தார். மீசையில் வேர்த்தது. ரொம்ப நேரம் கழித்து, "வெயிலு வெளி ஈரத்தைத்தான் எடுக்கும் அண்ணாச்சி. உள்ள இருக்க ஈரம் வெல்டுக்குள்ள போய் உக்காந்துரும். இன்னிக்குத் தாங்கும், நாளைக்குத் தாங்கும். என்னிக்கு வெடிப்பு விடும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். இப்பவே நிறுத்துங்க. வெட்டிட்டு வேற போடணும்" என்றார்.

"சீசன் முடியட்டும் பாய்."

அன்றைக்கே ஆலைக்கு வந்து இரண்டு வால்வையும் குறைந்த அழுத்தத்துக்கு இறக்கி வைத்துப் பூட்டினார். மீட்டரில் சிவப்புக் கோட்டையும் கீழே இழுத்தார். அவர் அதிகாரியிடமே போய்ச் சொல்லியிருக்கலாம். என் ஆலையை மூடிவிடுவார்கள் என்று என் மேல் பாவப்பட்டார், அதுதான் அவர் செய்த பிழை. சீசன் முடிந்தது. அடுத்த சீசன் வந்தது. நான் பைய, பைய என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வந்துவிடுவார். கூப்பிடுகிற ஆள் இல்லை, கூலி இல்லை. பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். போகும்போது வேப்பமரத்தடிக்குப் போய் அந்தப் பெண்களிடம் மன்றாடுவார். நான் இப்போது சிரிப்பதில்லை. எழுந்துபோகச் சொல்லவும் இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே!

அப்புறம் வெள்ளிக்கிழமைகளில் வருவது நின்றது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். மேலப்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார். அவர் வீட்டம்மா கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "தூக்கமே இல்லண்ணாச்சி. நெல்லு மில்லு, நெல்லு மில்லுன்னே சொல்லுதாங்க" என்றார்கள்.

என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "அதை வெட்டியாச்சா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "வெட்டியாச்சு பாய். புதுசாவும் போட்டாச்சு" என்றேன்.

"யாரு போட்டா?"

"தூத்துக்குடி ஆளு."

"ராடைச் சுட வச்சானா?"

"வச்சான் பாய். நான் பக்கத்துலயே நின்னேன்."

"நேரயா நின்னீங்க?"

"இல்ல, பக்கவாட்டுல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கண்ணை மூடினார். நான் எழுந்து வருவதற்குள் தூங்கியே போனார். வீட்டம்மா அழுதார்கள், எத்தனை நாளைக்குப் பிறகு தூங்குகிறார் என்று. அந்த வாரமே மவுத்தாகிவிட்டார். அடக்கம் முடிந்து வெளியே வரும்போது அவர் மகன் என்னைத் தேடி வந்து, "வாப்பா கடைசியா அல்லாகிட்ட உங்களுக்காகத்தான் துஆ செஞ்சாங்க" என்றான்.

அங்கேயே நின்றபடி சுடலைமுத்துக்குப் போன் போட்டேன். "ஏலே, தீயை இழு. இப்பவே. தொட்டியில நெல்லு கெடந்தா கெடக்கட்டும்" என்றேன். எனக்கு அப்படி ஒரு பயம் அதுவரை வந்ததில்லை. இரண்டு வருஷத்துப் பயமும் மொத்தமாக அன்றைக்குத்தான் வந்தது.

வெட்டுவதற்கு நிஜமாகவே ஒரு தூத்துக்குடி ஆளைக் கூட்டி வந்தேன். சின்ன வயசு, சுறுசுறுப்பு. பாய்லருக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தவன் தட்டுவதை நிறுத்தினான். தலையை வெளியே நீட்டினபோது அவன் முகம் வெளுத்திருந்தது. நாலாவது முட்டு அடியோடு விட்டிருந்தது. அதன் பாரத்தைச் சுமந்த மூன்றாவது முட்டிலும் விரல் நீளத்துக்கு வெடிப்பு. வால்வைக் குறைத்து வைத்திருந்ததால்தான் இத்தனை நாள் முகம் நின்றது என்றான்.

பாய்லர் அறையில் கூட்டம் கூடிவிட்டது. சுடலைமுத்து, லோடு ஏற்ற வந்தவர்கள், களத்துப் பெண்கள் எல்லாரும். அந்தப் பையன் கையைத் துடைத்துக்கொண்டே, "மத்த வெல்டு எல்லாம் தங்கம் மாதிரி இருக்கு. இதை மட்டும் ஈர ராடுல போட்டிருக்கான். எவன்யா அந்த ஆளு? அவனைப் பிடிச்சு உள்ள போடணும்" என்றான்.

சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "பாய்தான் போட்டாரு. நேத்துத்தான் அடக்கம் பண்ணினோம். பாவம், போன ஆளைப் பேசி என்ன" என்றான்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், பழி அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும். மூடத்தான் பார்த்தேன், சத்தியமாக. ஒரு மூச்சு நேரம் மூடிக்கொண்டுதான் நின்றேன்.

"அவர் இல்ல" என்றேன். "அவர் எறிஞ்ச ராடை வெயில்ல காயப்போட்டு, அவருக்குத் தெரியாம டப்பாவுல கலந்தது நான். தெரிஞ்ச நாள்லேருந்து வெட்டுங்க, வெட்டுங்கன்னு அவர் சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு."

பேச்சியம்மாள் பாய்லர் முகத்தையும் பார்த்தாள், எதிர்ச்சுவரையும் பார்த்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் சோற்றுத் தூக்குகள் வரிசையாக இருந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்போ நாங்க பதினோரு பேரும் அங்கன சாஞ்சு உக்காந்து சோறு தின்னப்பல்லாம், ஒங்களுக்குத் தெரியுமா மொதலாளி?"

"தெரியும்" என்றேன்.